இருபது சீட்டுகளில் ஒரு கூலிச் சந்தை

உழைப்புச் சந்தைப் பாடத்தை நம்மில் பலர் இரண்டு கோடுகளில்தான் தொடங்குகிறோம். மேலிருந்து கீழே இறங்கும் கோடு தேவை, கீழிருந்து மேலே ஏறும் கோடு அளிப்பு, இரண்டும் வெட்டும் இடம் சமநிலைக் கூலி. மாணவர்கள் அதை நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள், தேர்விலும் பிசகாமல் வரைகிறார்கள். அந்த மாணவர்களில் ஒருவரின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பார். இன்னொருவரின் அப்பா காலை 7 மணிக்கு நாற்சந்தியில் தூக்குவாளியோடு நின்று, மேஸ்திரி கூப்பிடுவாரா என்று பார்த்திருப்பார். நோட்டில் இருக்கும் கோட்டுக்கும் அப்பா நிற்கிற நாற்சந்திக்கும் சம்பந்தம் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரியாமலே மூன்று வருடப் படிப்பு முடிந்துவிடுகிறது.

அதனால் இந்த அத்தியாயத்தில் வரிசையை மாற்றப் போகிறோம். மாணவர்கள் முதலில் பேரம் பேசட்டும். எண்கள் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். கோடு கடைசியில் வந்தால் போதும். இதற்கு இரண்டு பீரியட், ஒரு சாக்பீஸ், 20 சீட்டுகள் தேவை.

சீட்டுகள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக்கொள்ளலாம். 10 சீட்டுகளில் ‘தொழிலாளி’ என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொகை வேண்டும்: 250, 300, 350 என்று ஐம்பது ஐம்பதாக ஏறி 700 வரை. அது அந்தத் தொழிலாளியின் கட்டுப்படிக் கூலி. அதற்குக் கீழே ஒரு நாள் வேலைக்குப் போவது அவருக்குக் கட்டாது, வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். மற்ற 10 சீட்டுகள் முதலாளிகளுக்கு. 900, 850, 800 என்று இறங்கி 450 வரை. ஓர் ஆள் ஒரு நாள் வேலை செய்தால் அந்த முதலாளிக்கு வரும் வரவு அது. ஒரு முதலாளி ஓர் ஆளைத்தான் எடுக்கலாம்.

கணக்கு எளிது. தொழிலாளிக்கு மிஞ்சுவது வாங்கிய கூலியில் சீட்டுத் தொகை போக மீதி. முதலாளிக்கு மிஞ்சுவது சீட்டுத் தொகையில் கொடுத்த கூலி போக மீதி. சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. பேரம் படியாதவர்களுக்கு அந்தச் சுற்றில் பூஜ்யம்.

வகுப்பில் 60 பேர் இருந்தால் ஒரு சீட்டுக்கு மூன்று பேர் என்று பிரித்துவிடுங்கள். மூவரும் கலந்து பேசித்தான் சம்மதிக்க வேண்டும் என்று விதி வைத்தால், பேச்சு வராத பிள்ளையும் தன் மூவருக்குள் வாய் திறக்கும். வகுப்பு சிறியது, 16 பேர்தான் என்றால், தொழிலாளியின் 650, 700 சீட்டுகளையும் முதலாளியின் 500, 450 சீட்டுகளையும் எடுத்துவிடலாம். சந்தை எட்ட வேண்டிய முடிவு மாறாது.

முதல் சுற்று: மூலைப் பேரம்

முதல் சுற்றில் கரும்பலகையைப் பயன்படுத்த வேண்டாம். எல்லாரும் எழுந்து நடந்து, யாரை வேண்டுமானாலும் பிடித்துப் பேசட்டும். ஐந்து நிமிடம் போதும். பேரம் படிந்தவர்கள் உங்களிடம் வந்து கூலியைச் சொல்லிவிட்டு உட்காரலாம். அதைச் சத்தமாகச் சொல்லாமல் உங்கள் தாளில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படித்தான் எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டில் தன் மாணவர்களை வைத்துச் செய்து பார்த்து, 1948இல் கட்டுரையாக வெளியிட்டார். பாடநூல் சொல்லும் சமநிலை அவருக்குக் கிடைக்கவில்லை. விலை ஆளுக்கு ஆள் மாறியது, பேரங்களின் எண்ணிக்கை பாடநூல் சொல்வதைவிட அதிகமாகவே வந்தது. அங்கே மாணவராக அந்தச் சோதனையில் கலந்துகொண்ட ஒருவர் பின்னாளில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1956இல் அதே சோதனையை இரண்டு மாற்றங்களோடு நடத்தினார். எல்லாரும் கேட்கும்படி விலையைக் கூவ வேண்டும், அதே சீட்டுகளோடு சந்தை மறுபடி மறுபடி நடக்க வேண்டும். விலை சமநிலையை நோக்கி வந்து நின்றது. 1962இல் அந்த முடிவுகளை வெளியிட்ட வெர்னன் ஸ்மித்துக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் வகுப்பில் முதல் சுற்று சேம்பர்லின், அடுத்த சுற்றுகள் ஸ்மித். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் விலையைக் கூவுவது என்ன வேலை செய்கிறது என்று விளங்கும்.

நான் நடத்திய ஒரு வகுப்பில், முதல் சுற்று முடிந்ததும் எல்லாக் கூலிகளையும் கரும்பலகையில் எழுதினேன். 350 முதல் 680 வரை சிதறிக் கிடந்தன. முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவள் சீட்டு 250. எதிரே வந்த முதலாளி 350 தருகிறேன் என்றதும், நூறு ரூபாய் லாபம் என்று உடனே ஒப்புக்கொண்டுவிட்டாள். அந்த முதலாளியின் சீட்டு 900. பலகையைப் பார்த்துக்கொண்டே, “சார், மத்தவங்க எவ்வளவு வாங்குறாங்கன்னு எனக்கு யாருமே சொல்லலையே” என்றாள். நான் பாடம் நடத்துவதை அங்கேயே நிறுத்திவிட்டு, அவள் சொன்னதைப் பலகையின் மேலே எழுதினேன். தகவல் இல்லாதவருக்குக் கூலி ஏன் குறைகிறது என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூவிப் பேசும் சந்தை

இரண்டாம் சுற்றில் எல்லாரும் உட்கார்ந்தபடியே கை தூக்கிக் கூவட்டும். “500க்கு வர்றேன்”, “470 தர்றேன்” என்று வருவதையெல்லாம் ஒரு மாணவர் பலகையில் எழுத வேண்டும். ஒத்துக்கொண்டால் வட்டம் போட்டு, அந்த இருவரையும் ஒதுக்கிவிடுங்கள். இதே சீட்டுகளோடு மூன்று சுற்று நடத்துங்கள். கூலி 550க்கும் 600க்கும் இடையே ஒதுங்கி வருவதையும், ஏறத்தாழ 7 பேருக்கு வேலை கிடைப்பதையும் பார்ப்பீர்கள். சுற்றுக்கு ஒரு பேரம் முன்பின்னாக இருந்தால் கவலை வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும். முதல் சுற்றில் எட்டு, ஒன்பது பேருக்கு வேலை கிடைத்ததே, அது நல்லதில்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். சீட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டுங்கள். 250 தொழிலாளியை 450 முதலாளியோடும், 300ஐ 500ஓடும், இப்படியே கடைசியில் 700 தொழிலாளியை 900 முதலாளியோடும் சேர்த்தால் பத்துப் பேருக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் 200 மிஞ்சும், மொத்தம் 2,000. கூவிப் பேசும் சந்தையில் 7 பேருக்குத்தான் வேலை, ஆனால் மொத்த மிச்சம் 2,450. சந்தை கூட்டுத்தொகையைப் பெரிதாக்குகிறது, வேலை கிடைக்காத மூன்று பேருக்கு அதில் பங்கு இல்லை. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பாதிப் பாடம்.

கோடுகளை வரைய வேண்டிய நேரம் இதுதான். சீட்டுகளைத் திரட்டி, மாணவர்களையே படி படியாக வரையச் சொல்லுங்கள்.

கூலிக்கு ஓர் அடிமட்டம்

இரண்டாவது பீரியடில் சட்டம் வருகிறது. இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இல் வந்தது. நம் வகுப்பில் 670க்குக் கீழே கூலி பேசக் கூடாது என்று அறிவியுங்கள். சுற்றைத் தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும்: எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், தொழிலாளிகளுக்கு மொத்தத்தில் லாபமா நட்டமா? கணிப்பை எழுதி வாங்காவிட்டால், முடிவு வந்ததும் எல்லாருமே “நான் அப்பவே நினைச்சேன்” என்பார்கள்.

670 கொடுத்தும் கட்டும் முதலாளிகள் ஐந்தே பேர். 670க்கு வரத் தயாரான தொழிலாளிகள் ஒன்பது பேர். ஐந்து இடத்துக்கு ஒன்பது கைகள் ஒரே நேரத்தில் உயரும். வேலையின்மை என்ற சொல்லை நான் விளக்குவதைவிட அந்தக் கைகள் நன்றாக விளக்கிவிடுகின்றன.

அடுத்த கணக்கு கொஞ்சம் நுட்பமானது. அவசரப்படாமல் செய்யுங்கள். அடிமட்டம் இல்லாதபோது கூலி 575 என்று வைத்துக்கொண்டால், ஏழு தொழிலாளிகளுக்கும் சேர்த்து மிஞ்சியது 1,225. இப்போது வேலை கிடைத்த ஐவரும் மிகக் குறைந்த கட்டுப்படி உள்ளவர்கள், அதாவது 250 முதல் 450 வரை, என்றால் அவர்களுக்கு மிஞ்சுவது 1,600. அந்த ஐந்து இடங்களும் 450 முதல் 650 வரை உள்ளவர்களுக்குப் போயிருந்தால் வெறும் 600. வேலை குறைந்தது என்பதோடு கதை முடிவதில்லை, அந்த வேலை யாருக்குப் போனது என்பதும் கேள்வி. நம் ஊரில் அது பெரும்பாலும் யாருக்கு மேஸ்திரியைத் தெரியும் என்பதைப் பொறுத்தது. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், மாணவர்களே சொல்வார்கள்.

பல வழிகாட்டிகள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. குறைந்தபட்சக் கூலி வைத்தால் வேலை போய்விடும் என்ற ஒரே முடிவோடு மாணவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். இப்படி நிறுத்துவது பெரிய தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்த அத்தியாயத்தை எழுதியதே அடுத்த சுற்றுக்காகத்தான்.

ஊருக்கு ஒரே மில்

பத்து முதலாளிச் சீட்டுகளையும் ஒரே குழுவிடம் கொடுங்கள். மூன்று பேர் போதும், அவர்கள் ஒரு மில்லின் நிர்வாகம். முதல் ஆள் எடுத்தால் 900 வரவு, இரண்டாவது ஆளுக்கு 850, இப்படியே இறங்கும். மீதி முதலாளிகள் கணக்கெழுதட்டும். தொழிலாளிச் சீட்டுகள் அதே பத்துதான். விதி ஒன்றே ஒன்று: மில் ஒரே கூலியைப் பலகையில் எழுத வேண்டும், எடுக்கும் எல்லாருக்கும் அதே கூலி. எழுதிய கூலி தன் சீட்டுத் தொகைக்குச் சமமாக இருந்தாலே தொழிலாளி கை தூக்கலாம். நிர்வாகம் ஐந்தாறு முறை கூலியை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் லாபத்தைக் குறிக்க வேண்டும்.

முதலில் 600, 550 என்று தாராளமாக எழுதுவார்கள். பிறகு கணக்குப் போடுவார்கள். நான்கு பேரை 400க்கு எடுத்தால் லாபம் 1,700. ஐந்து பேரை 450க்கு எடுத்தால் 1,750. ஆறாவது ஆள் வேண்டுமென்றால் கூலியை 500 ஆக்க வேண்டும், அந்த ஏற்றத்தை மற்ற ஐவருக்கும் சேர்த்துத் தர வேண்டும், லாபம் 1,650க்கு இறங்கிவிடும். ஆறாவது ஆளால் மில்லுக்கு 650 வரவு இருந்தும் அவரை எடுக்காமல் விடுவது இதனால்தான். நிர்வாகக் குழு தலைகளை ஒட்டிவைத்துக் கிசுகிசுத்துவிட்டு 450 என்று எழுதி நிறுத்தும் கணம் முக்கியமானது. அவர்களை எழுந்து நின்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்சன் 1933இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘வாங்குவோர் முற்றுரிமை’யை உங்கள் மாணவர்கள் பெயர் தெரியாமலே கண்டுபிடித்திருப்பார்கள். பெயரை அதன்பிறகு சொல்லுங்கள்.

இப்போது மறுபடி சட்டத்தைக் கொண்டுவாருங்கள். அடிமட்டம் 570. மில்லுக்கு இனி ஆறாவது ஆளும் 570தான், ஏழாவது ஆளும் 570தான். மற்றவர்களுக்குக் கூலி ஏறிவிடுமே என்ற பயம் போய்விட்டது. ஆறு பேரை எடுத்தால் லாபம் 1,230, ஏழு பேரை எடுத்தால் 1,260. மில் ஏழு பேரை எடுக்கும். கூலி 450இலிருந்து 570க்கு ஏறியது, வேலையும் ஐந்திலிருந்து ஏழானது. பிறகு 670 என்று அறிவியுங்கள். போட்டிச் சந்தையில் இரண்டு வேலைகளைப் பறித்த அதே 670. இங்கே மில் ஐந்து பேரை எடுக்கும், முன்பு எடுத்த அதே ஐந்து. ஒரு வேலையும் போகவில்லை. 720 என்றால் நான்காகும், அந்த எல்லையையும் மறைக்காமல் காட்டுங்கள்.

அதே சீட்டுகள், அதே சட்டம், இரண்டு வேறு விடைகள். சந்தையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கூலிச் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வகுப்பு எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நிஜ உலகின் ஒரு கதையைச் சொல்லலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவகங்களை ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று 1994இல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். விவாதம் நீண்டது. க்ரூகர் 2019இல் இறந்தார், கார்டுக்கு 2021இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. மறுப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். பொருளாதாரம் முடிந்துபோன பாடமாக அல்லாமல் நடந்துகொண்டிருக்கும் வழக்காகப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

நேரம் மிஞ்சினால் இன்னொரு சுற்று. மில்லில் அடிமட்டச் சட்டம் வேண்டாம், பதிலாக யார் வந்தாலும் 500 ரூபாய்க்குப் பொது வேலை உண்டு என்று அறிவியுங்கள். 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் சாயல் இது. மில் 450க்கு ஆள் தேடினால் ஒருவரும் வரமாட்டார்கள். 510 எழுதினால் ஆறு பேர் வருவார்கள், அந்த நிலையில் மில்லுக்கு அதுவே லாபம். அரசு வேலை வந்ததும் மில்லில் வேலை செய்பவர் எண்ணிக்கை ஐந்திலிருந்து ஆறாகிவிட்டது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் கேட்டு வளர்ந்த மாணவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். தயங்கட்டும், விவாதிக்கட்டும். ஆந்திரத்தில் இத்திட்டத்தின் கூலிப் பட்டுவாடா சீரானபோது என்ன நடந்தது என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் ஆராய்ந்தார்கள். தனியார் கூலி ஏறியதோடு தனியார் வேலையும் குறையாமல் கூடியிருந்தது.

சில எச்சரிக்கைகள்

இந்த விளையாட்டுக்கு இன்டர்னல் மார்க் போடாதீர்கள். 250 சீட்டு வந்தவருக்கும் 700 சீட்டு வந்தவருக்கும் தொடக்கமே சமமில்லை. சீட்டின் அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் நியாயமாகவே கோபப்படுவார்கள். அதிகம் மிச்சம் பிடித்தவருக்கு ஒரு கடலை மிட்டாய் போதும். சுற்றுக்குச் சுற்று சீட்டுகளைக் கலைத்துக் கொடுக்காதீர்கள், ஒரே சீட்டோடு மூன்று சுற்று ஆடினால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இதே முறையில் பாகுபாட்டைப் பற்றியும் ஒரு சோதனை நடத்த நினைத்தால் மிகுந்த கவனம் வேண்டும். சீட்டில் சாதியை எழுதி விளையாட விடவே கூடாது. வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் பட்டதை மற்றவர்கள் வேடிக்கையாக நடிப்பதைப் பார்க்க நேரும். எந்தப் பாடமும் அந்தக் காயத்துக்கு ஈடாகாது. ரோலண்ட் ஃபிரையர், ஜேக்கப் கோரீ, சார்லஸ் ஹோல்ட் மூவரும் 2005இல் வெளியிட்ட வகுப்பறை விளையாட்டில் தொழிலாளிகளுக்கு ஊதா, பச்சை என்று வெறும் நிறங்களே அடையாளம். அது போதும். நிறத்தில் விளையாடி முடித்த பிறகு, சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் பேசுங்கள். பத்திரிகை வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது.

கூலிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு சின்னச் சோதனை உண்டு. அதற்கு 15 நிமிடம் போதும். முதலாளி பெயரில்லாத துண்டுத் தாளில் ஒரு கூலியை எழுதித் தருகிறார். தொழிலாளி 1 முதல் 5 வரை உழைப்பு நிலையைத் தேர்ந்தெடுக்கிறார். முதலாளிக்கு வரவு நிலைக்கு 60, தொழிலாளிக்குச் சிரமம் முறையே 0, 20, 50, 90, 140. சுயநலம் மட்டும் பார்த்தால் எல்லாரும் 1 என்றே எழுத வேண்டும். எர்ன்ஸ்ட் ஃபேர், கியோர்க் கிர்ஷ்ஸ்டைகர், ஆர்னோ ரீடல் 1993இல் வெளியிட்ட இவ்வகைச் சோதனையில் கூலி கூடக்கூட உழைப்பும் கூடியது. உங்கள் வகுப்பில் எப்படி வருகிறது என்று தாள்களை அடுக்கிப் பாருங்கள்.

வீட்டுப் பாடம்

ஒரே மில் சுற்று முடிந்ததும் ஒரு மாணவர் கேட்பார், “எங்க ஊர்ல நாலு கம்பெனி இருக்கே சார், அப்போ இது பொருந்தாதே?” நல்ல கேள்வி. நாலு கம்பெனி இருந்தும் முன்பணம் வாங்கியதால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாதவருக்கு ஒரே கம்பெனிதான். கடைசி டவுன் பஸ் 6 மணிக்கு என்றால் தொலைவில் இருக்கும் மூன்று கம்பெனிகள் இல்லாத மாதிரிதான். கைக்குழந்தை உள்ள தாய்க்கு நடந்து போகும் தூரமே சந்தையின் எல்லை.

அதனால் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் கேட்டு எழுதி வர வேண்டும்: உங்கள் கூலியை யார் முடிவு செய்தது? பக்கத்தில் வேலை பார்ப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியுமா? நாளைக்கே இந்த வேலையை விட்டால் வேறு எங்கே போக முடியும்? பெயர் எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். அந்தத் தாள்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அடுத்த வகுப்புக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.